கேசரிக்கும் பென்ஷனுக்கும் நடுவில் ஒன்பது மாதம்

2023 மே 31, புதன்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குக் கேன்டீனில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு சந்தன மாலை போட்டார்கள். கேசரி, போண்டா, காபி. ஃபவுண்டரி பசங்க காசு போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கியிருந்தார்கள். அப்புறம் கம்பெனி வேனில் பத்துப் பேர் ஏறிக்கொண்டு கணபதியில் இருக்கும் என் வீடு வரைக்கும் வந்து விட்டுப் போனார்கள். வாசலில் மனைவி ஆரத்தி எடுத்தாள். வேன் திரும்பும்போது ஆபீஸ் பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நீங்க நிம்மதியா இருங்கண்ணா, பி.எஃப். ஒரு மாசத்துல அக்கவுண்ட்டுக்கு வந்துரும்" என்றான். பணம் வந்தது 2024 ஜனவரி 19. பென்ஷன் அதற்கும் பின்னால். அந்த இடைவெளியில் நான் பட்டதைத்தான் எழுதுகிறேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் மாலை வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன். ஷாஃப்ட்டில் இரண்டு பாயின்ட் கூடினாலும் சாக்பீஸால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். லேத் ஓட்டுகிறவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அப்பேர்ப்பட்ட ஆள், என் பெயர் நான்கு காகிதத்தில் மூன்று விதமாக இருந்ததை இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழிலும் பான் கார்டிலும் சுப்பிரமணியம், அப்பா பெயரோடு. ஆதாரில் சுப்ரமணியன், பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பி.எஃப். கணக்கில் வெறும் சுப்பிரமணி, முன்னால் இனிஷியல். 1989-இல் ஆவாரம்பாளையத்தில் முதல் பட்டறையில் சேர்ந்தபோது கணக்கெழுதுகிறவர் "உம் பேரென்னப்பா" என்று கேட்டார், நான் கூப்பிடுகிற பெயரைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு என்னை ஏழு மாதம் அலைய வைத்தது.

ஜூன் மாதம் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலை 5:10-க்கு விழிப்பு வந்துவிடும். முதல் வாரம் எழுந்து குளித்து சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குத் தெருக்கோடியில் கம்பெனி பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்கும். அது போன பிறகுதான் உள்ளே வருவேன். சமையலறையில் போய் ஏதாவது உதவலாம் என்று நின்றால், "ஏனுங்க, அந்தப் பக்கம் போய் உக்காருங்க, குறுக்கால நிக்காதீங்க" என்பாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. முப்பது வருஷமாகப் பகலில் அந்த வீடு அவளுடையது, நான் ராத்திரிக்கு வந்து போகிறவன். எனக்குத்தான் சுருக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. பையன் ஓசூரில், அவனிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவான்.

முதலில் வந்த பணம் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. கம்பெனியில் கொடுத்த கணக்குத் தாளில் 3,12,000 என்று இருந்தது. பெரிய தொகையாகத் தெரிந்ததால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பழைய யூனியன்காரர் தாளைப் பிடுங்கி, "இரு, எத்தனையால வகுத்திருக்கறாங்க பாரு" என்றார். முப்பதால் வகுத்திருந்தார்கள். அப்போது நடப்பிலிருந்த 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சேவை வருஷத்தால் பெருக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, நான் சேர்ந்தது 1996 அக்டோபர். ஆக 26 வருஷம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது முழு வருஷக் கணக்கு, 27. என் அடிப்படையும் பஞ்சப்படியும் 24,000. போட்டுப் பாருங்கள், 3,73,846 வருகிறது. கிட்டத்தட்ட 62 ஆயிரம் வித்தியாசம். அக்கவுண்டன்ட்டிடம் காட்டியதும் அவர் சண்டை போடவில்லை, "சாஃப்ட்வேர்ல அப்படி இருக்குதுங்க" என்று மாற்றிக் கொடுத்துவிட்டார். எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போன எத்தனை பேர் அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டார்களோ. பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டி உண்டு, கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் மனுப் போடலாம். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பேனாவைக் கீழே வைத்த பிறகுதான்.

அந்தப் பணத்தை வைத்து நான் செய்தது முதல் முட்டாள்தனம். வீட்டுக்கடனில் மூன்று லட்சத்து நாற்பது ஆயிரம் பாக்கி இருந்தது. கடன் இல்லாத மனுஷனாகத் தூங்க வேண்டும் என்று ஜூலை மாதமே மொத்தமாகக் கட்டி முடித்தேன். பி.எஃப். எப்படியும் வந்துவிடுமே என்ற தைரியம். பத்திரத்தைக் கையில் வாங்கிய அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் பாஸ்புக்கில் முப்பது ஆயிரம்தான் மிச்சம். வட்டி குறைவான கடனை அடைக்க அவசரமே இல்லை. வீட்டுச் செலவுக்கு எட்டு, பத்து மாதத்துப் பணம் கையில் இருக்கும்படி வைத்துக்கொண்டு மீதியைக் கட்டியிருக்க வேண்டும்.

ஜூலை கடைசியில் பி.எஃப். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டேன், பக்கத்து வீட்டுப் பெண் போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் நிராகரிப்பு. பெயர் பொருந்தவில்லை. அப்பா பெயரிலும் ஓர் எழுத்து பிசகு. அது போதாதென்று, ஆவாரம்பாளையத்துப் பழைய கம்பெனிக் கணக்கு தனியாகக் கிடக்கிறது, அதில் நான் வேலையை விட்ட தேதியே ஏறவில்லை. அதாவது காகிதப்படி நான் 1989-இலிருந்து இன்னும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்! நாமினி யாரென்று பார்த்தால் என் அம்மா. அவர் 2009-இல் போய்ச் சேர்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது என்பது விதி, புதிதாகப் போட வேண்டும். எனக்கு யார் சொன்னார்கள், நானும் யாரைக் கேட்டேன்.

பி.எஃப். ஆபீசைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பெயரில் ஓர் ஆள் வந்து பதிமூன்று லட்சம் கேட்டால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள். திருத்துவதற்குக் கூட்டு உறுதிமொழிப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ் நகலோடு கொடுக்க வேண்டும். வேலையில் இருந்திருந்தால் டீ இடைவேளையில் ஆபீஸ் ரூமுக்குப் போய் முடித்திருப்பேன். ஓய்வு பெற்ற பிறகு அதே கேட்டில் செக்யூரிட்டியிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியிருந்தது. புதுப் பையன், என்னைத் தெரியாது. "யாரைப் பாக்கணுங்க?" என்றான். 27 வருஷம் நுழைந்த கேட். அந்த வெயிலில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது பணம் வராததைவிடக் கசந்தது. ஆகவே தயவுசெய்து, கடைசி நாளுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஆதார், பான், பி.எஃப்., வங்கிப் பாஸ்புக் நான்கையும் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. 2017 அக்டோபர் முதல் யுஏஎன் எண் (ஓர் ஆளின் எல்லா பி.எஃப். கணக்குக்கும் பொதுவான ஒரே எண்) வாங்கியவர்கள் சில திருத்தங்களைத் தாங்களே செய்துகொள்ளலாம். நம்மைப் போன்ற பழையவர்களுக்கு இன்னமும் கம்பெனி ஒப்புதல் வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு 'கன்சல்டன்ட்' வேறு. எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று ஏழாயிரம் வாங்கினார். அவர் செய்தது நோட்டரி அஃபிடவிட் ஒன்று, அதுவும் நான்தான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அதற்கு முன்னாலேயே கூடுதல் பென்ஷன் களேபரமும் ஓடிக்கொண்டிருந்தது, அதாவது அரசு வைத்த உச்சவரம்புக்குப் பதிலாக வாங்கிய முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்பது. 2022 நவம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 3 என்றார்கள், பிறகு ஜூன் 26, பிறகு ஜூலை 11. எங்கள் கம்பெனி உச்சவரம்புச் சம்பளத்துக்கு மட்டுமே பிடித்ததால் எனக்கு அதில் இடமில்லை என்று தெரியவே மூன்று நாள் அலைந்தேன்.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி ராத்திரி மனைவிக்கு வலி. பித்தப்பையில் கல். அது புதிதல்ல, மார்ச் மாதமே ஸ்கேனில் தெரிந்ததுதான். "அவசரமில்லை, உங்களுக்குத் தோதுப்படும்போது ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். நாங்களும் ரிட்டயர்மென்ட் அமளி எல்லாம் ஓயட்டும் என்று தள்ளிப் போட்டோம். கம்பெனி மருத்துவக் காப்பீடு மே 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பது ஆஸ்பத்திரி கவுன்டரில் கார்டை நீட்டியபோதுதான் உறைத்தது. அந்தப் பெண் கார்டைத் திருப்பித் தந்து, "இது ஆக்டிவ்ல இல்லைங்க சார்" என்றாள். 92 ஆயிரம் ரூபாய். ஏப்ரலில் செய்திருந்தால் கையிலிருந்து ஐந்து காசு போயிருக்காது. அவள் கழுத்திலிருந்த மூன்று பவுன் செயினைக் கழற்றி அவளே கொடுத்தாள். அடகு வைத்து 90 ஆயிரம் வாங்கினேன். ஆபரேஷன் முடிந்து வெறும் மஞ்சள் கயிற்றோடு படுத்திருந்தாள். "எதுக்குங்க மூஞ்சிய அப்படி வச்சிருக்கறீங்க, வலி எனக்கா உங்களுக்கா" என்று கேட்டாள்.

மருத்துவத்தைப் பற்றி நான் பிற்பாடு தெரிந்துகொண்டதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்ட ஆபரேஷன், கண், பல், முழங்கால் எதுவாக இருந்தாலும் கம்பெனிக் காப்பீடு உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கம்பெனிக் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழியிருக்கிறது. வேலையில் இருக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும், மாறினால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருந்த காலம் கணக்கில் வரும். நான் கேட்காததால் புதுசாகத்தான் எடுத்தேன், வருஷம் 36 ஆயிரத்துச் சொச்சம், என் சர்க்கரைக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் பணம் தருவார்களாம். என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர் சம்பளம் குறைவு என்பதால் கடைசி வரை இ.எஸ்.ஐ.யில், அதாவது அரசின் தொழிலாளர் காப்பீட்டில் இருந்தார். அவரை நாங்கள் பாவம் என்று நினைத்தோம். ஐந்து வருஷம் காப்பீட்டில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர் வருஷம் 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடர்கிறது. அவர் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு குடும்ப வருமானம் வருஷம் 1,20,000-க்குள் வந்துவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் தகுதி உண்டு, வி.ஏ.ஓ. சான்றிதழும் ரேஷன் கார்டும் வேண்டும். சம்பளம் வாங்கியவனுக்கு அதெல்லாம் நமக்கில்லை என்ற நினைப்பு ஊறிப் போயிருக்கும். அதை விட்டுவிட்டு ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

பழைய கம்பெனியின் கையெழுத்துக்காக அக்டோபரில் ஆவாரம்பாளையம் போனேன். பெயர் மாறிவிட்டது, முதலாளியின் மகன் நடத்துகிறார். நல்ல வேளை, பழைய சம்பளப் பதிவேட்டை மச்சில் போட்டு வைத்திருந்தார்கள். கரையான் அரித்த அந்த நீள நோட்டில் 1991 மார்ச் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது, 740 ரூபாய்க்கு. மகன் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது பெரியவர் உள்ளேயிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சுப்பிரமணிதானே? இம்பெல்லர் பேலன்ஸ் பாக்கறதுக்கு உன்னாட்ட ஆளு அப்புறம் அமையலப்பா" என்றார். இரண்டு மாதமாக நான் ஒரு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமாக இருந்தேன். அங்கே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஏழு வருஷத்தைச் சேர்த்ததால் பென்ஷனில் சில நூறு ரூபாய் கூடியது. கூடாவிட்டாலும் அந்த நடை வீணில்லை.

பி.எஃப். வந்தது என்றேனே, ஜனவரி 19. இரண்டாவது விண்ணப்பமும் ஒரு தடவை திரும்பியது, பெயர் அச்சிடாத பழைய செக் தாளைப் படமெடுத்து ஏற்றியதால். மூன்றாவதில் பழைய கணக்கும் சேர்ந்து 13 லட்சத்து 40 ஆயிரம். பணம் ஏறிய நாலாம் நாள் வங்கியிலிருந்து போன். எந்த வங்கி என்று எழுதப் போவதில்லை. "சார், உங்களை மாதிரி சீனியர் கஸ்டமருக்கு ஸ்பெஷல் டெபாசிட் இருக்கு." ஏ.சி. ரூமில் உட்கார வைத்து காபி கொடுத்தார்கள். ஏழு மாதம் பெஞ்சுகளில் உட்கார்ந்தவனுக்கு அந்த நாற்காலியே போதுமாக இருந்தது. மூன்று லட்சம் என்றேன். டேப்லெட்டில் விரலால் கையெழுத்து. "இப்ப ஒரு கால் வரும் சார், எல்லாத்துக்கும் எஸ் சொல்லிருங்க." சொன்னேன். 2025 ஜனவரியில் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் இரண்டாம் ஆண்டு பிரீமியம் 3,00,000 செலுத்த வேண்டிய தேதி நெருங்குகிறது. டெபாசிட் இல்லை, பங்குச்சந்தையோடு பிணைத்த ஆயுள் காப்பீடு, வருஷா வருஷம் மூன்று லட்சம் கட்ட வேண்டும். பாலிசி பிடிக்காவிட்டால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் பாலிசி மின்னஞ்சலில் வந்திருந்தது. எனக்கு மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பது பி.எஃப். விண்ணப்பத்தோடு மறந்து போன சமாச்சாரம். இரண்டாம் பிரீமியம் கட்டவில்லை. அதனால் ஆறாயிரம் போல அபராதம் கழித்து, பணத்தைத் தனி நிதியில் போட்டுவிட்டார்கள். ஐந்து வருஷப் பூட்டு, 2029 ஜனவரியில்தான் எடுக்க முடியும், அதுவரை குறைந்தது 4 சதவீதம் வட்டி. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கச் செலவில்லை என்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் 'எஸ்' சொன்ன குரல் பதிவு அவர்களிடம் இருக்கிறது, அதுதான் இடிக்கிறது.

மிச்சத்தில் ஒன்பது லட்சத்தை மட்டும் சரியாகப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம். அறுபது வயது ஆகவில்லையே என்று நானாகவே ஒதுங்கியிருந்தேன். 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போடலாம் என்று கவுன்டரில் இருந்த அம்மாதான் சொன்னார். முன்பு அது ஒரு மாதம்தான், 2023 நவம்பரில் மாற்றினார்கள். பணம் வந்ததற்கான சான்றும் கம்பெனிக் கடிதமும் கேட்பார்கள், கையோடு கொண்டு போங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 18,450 வருகிறது. செயினையும் மீட்டுவிட்டேன், வட்டி நாலாயிரத்துச் சொச்சம்.

பென்ஷனுக்கு 10டி படிவத்தில் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்ட வேண்டும். ஸ்டுடியோவுக்குப் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் கேமரா முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. பையன், "இன்னும் கொஞ்சம் பக்கத்துல வாங்க" என்றான், அவளுக்கு வெட்கம். மார்ச் முதல் வாரம் மெசேஜ் வந்தது, மாதம் 4,400 சொச்சம். 58 முடிந்த நாளிலிருந்து நிலுவையும் சேர்ந்தே வந்தது. 34 வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். பென்ஷனுக்குப் பிடித்தது 2014 வரை அதிகபட்சம் 6,500 சம்பளத்துக்கும், பிறகு அதிகபட்சம் 15,000 சம்பளத்துக்கும்தான். கையில் என்ன சம்பளம் வாங்கினோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கணக்கை ஐம்பது வயதிலேயே போட்டுப் பார்த்திருந்தால் வேறு ஏதாவது சேர்த்திருப்பேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். முதல் தடவை இ-சேவை மையத்தில் கட்டை விரலை வைத்தேன், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், ஒன்றும் இல்லை. அந்தப் பெண் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். வார்ப்பிரும்பு முனையையும் கூலன்ட்டையும் தடவித் தடவி விரல் ரேகை எல்லாம் வழுவழுவென்று போயிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற மில் தொழிலாளி ஒருவருக்கும் அதே கதை. முகத்தைக் காட்டியும் செய்யலாம், அதற்குச் செயலி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே நெட் இழுக்கவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே வந்து கடைசியில் இடது கைச் சுண்டுவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விரல்தான் வேலை எதையும் தொட்டதில்லை. இந்த வருஷம் போனதும் வேறு எதையும் முயற்சி பண்ணவில்லை, நேராக அதையே நீட்டினேன்.